மே மாதத்துப் பூஜ்யங்கள்

மே 4, ஞாயிறு

சங்குமுனை. காலை 6.20 முதல் 8.05 வரை. கடல் நன்றாக வற்றியிருந்தது. வானம் தெளிவு.

நண்டுண்ணி மூன்று. தொலைநோக்கியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சந்தேகமில்லை. கறுப்பும் வெள்ளையுமான உடம்பு, கனத்த கறுப்பு அலகு, நீண்ட சாம்பல் கால்கள். பங்குனிக்குள் கிளம்பிப் போயிருக்க வேண்டியவை, சித்திரை வெயிலில் கழிமுகத்துச் சேற்றில் நின்று நண்டை உதறி உதறித் தின்றுகொண்டிருக்கின்றன. பட்டைவால் மூக்கன் பதினாறு. அவையும் இந்நேரம் வடதுருவத்துப் பக்கம் இருக்க வேண்டும்.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டு முழுக்கச் சின்ன ஆலாக்கள். எழும்புவதும் உட்காருவதுமாக எண்ண விடவில்லை. அறுபதுக்குக் குறையாது. இரண்டு என் தலைக்கு நேரே வந்து கத்தின. முட்டை இட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து பறவைக் குழுவின் தளத்தில் பதிவேற்றினேன். மாவு புளித்துவிட்டது, ஊத்தப்பம் ஊற்றினேன். "கல்யாணத்துக்குப் போறவ மாதிரி விடியுமுன்ன கெளம்பிப் போற, வரும்போது கருவாடா வார" என்றாள் அம்மா. அவள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன்.

மே 6, செவ்வாய்

தியோடர் சார் தூத்துக்குடியிலிருந்து பேசினார். மாவட்டத்தின் பதிவுகளையெல்லாம் சரிபார்த்துத் தொகுப்பவர் அவர்தான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வடிவு டீச்சர், பெரிய விஷயம் பண்ணியிருக்கீங்க. போன வருஷம் மே மாசம் நாலு ஞாயிறும் போய் நாலு ஞாயிறும் பூஜ்யம் போட்டிருக்கீங்க. இந்த வருஷம் இவ்வளவு. அந்தப் பூஜ்யம் இருக்கறதாலதான் இது அபூர்வம்னு நம்மளால சொல்ல முடியுது. வெறுங்கையோட திரும்பி வந்தாலும் எழுதி வைக்கறவங்க எத்தனை பேரு?"

படங்களை அனுப்பச் சொன்னார். பத்திரிகையில் ஒரு குறிப்பு எழுதப்போகிறாராம்.

அனுப்பினேன். போன வருடம் மே மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரே அலைச்சல்.

மே 9, வெள்ளி

பத்திரிகையில் வந்துவிட்டது. 'சங்குமுனையில் அபூர்வக் கோடைப் பறவைகள்.' என் பெயரும் பள்ளியின் பெயரும் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் நாலு பிரதி வாங்கி வந்தார். தலைமையாசிரியை வாட்ஸப்பில் பூங்கொத்துப் படம் அனுப்பினார்.

தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஜனவரியில் குழு கொடுத்த கேடயம் இருக்கிறது. 'பதினோரு ஆண்டுகள், ஒரு ஞாயிறும் தவறாமல்.' தூசி தட்டும்போது அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். துடைக்க வசதியாக இருக்கும் என்றுதான்.

மே 11, ஞாயிறு

6.10 முதல் 8.30 வரை. நண்டுண்ணி மூன்று. மூக்கன் பதினான்கு. ஆலாக் கூடுகள் முப்பத்தெட்டு.

கூடு என்றால் மணலில் ஒரு சின்னக் குழி. அதில் மணல் நிறத்தில் புள்ளி போட்ட இரண்டு முட்டைகள். தெரியாமல் மிதித்துவிடுவோம். நான் எண்ணியது முட்டைகளை அல்ல, மட்டிச் சிப்பியின் ஓடுகளை. மட்டி பொறுக்க வரும் பெண்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கூட்டைப் பார்த்தால் அதற்கு ஒரு முழம் தள்ளி, வெறும் ஓட்டின் குழிந்த பக்கம் கடலைப் பார்க்க மணலில் நட்டுவைப்பார்கள். பின்னால் வருகிறவள் ஓட்டைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு போவாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

மிக்கேலம்மாள் அக்கா இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடல் வற்றும் நேரமெல்லாம் திட்டில்தான் இருப்பாள். ஆலா கொத்தாமலிருக்கத் தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டிக்கொண்டு, குனிந்தபடியே பேசினாள்.

"பேப்பர்ல போட்டிருக்காமே டீச்சர், திட்டுல பறவ வந்திருக்குன்னு. எம் மருமவ வாசிச்சா."

"ஆமாக்கா."

"புதுசா வந்திருக்காமே?"

"போன வருஷம் பதிவு இல்லக்கா. அதான் அப்படி எழுதியிருக்காங்க."

"ஓ. பதிவு இல்ல." கைக் கம்பியால் சேற்றைக் கிளறி ஒரு மட்டியை எடுத்துப் பையில் போட்டாள். "போன வருசம் நாப்பத்திரெண்டு ஓடு நட்டோம். அதுக்கு முந்துன வருசம் கொஞ்சம் கொறச்சல்."

வழக்கமாகத் தூக்குவாளியிலிருந்து எனக்கும் கடுங்காப்பி ஊற்றுவாள். இன்றும் ஊற்றினாள். குடித்தேன்.

மே 13, செவ்வாய்

பிப்ரவரிக் கூட்டத்தைப் பற்றி இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை.

திட்டில் கான்கிரீட் தளம் போட்டுச் சுற்றுலாப் படகுத்துறை கட்டப்போகிறார்கள். அதற்கு ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அதிகாரி ஒருவர் ஆய்வறிக்கையை வாசித்தார். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன, அப்போது வேலை கூடாது. கோடையில் பறவைகள் இல்லை, ஆகவே மே, ஜூன் மாதங்களில் வேலை செய்யலாம். ஆதாரம்: உள்ளூர்ப் பதிவாளர், நான்கு ஞாயிறுகள், பூஜ்யம்.

மிக்கேலம்மாள் எழுந்து, "கோடையிலதான்யா திட்டு பூரா முட்ட கெடக்கும்" என்றாள்.

ஊர்க் கமிட்டிச் செயலர் ராயப்பன், "எக்கா, ஒங்க வீட்டுக் கோழி அங்கன போய் இட்டிருக்கும். பிடிச்சிக் கட்டிப் போடும்" என்றார். மண்டபமே சிரித்தது.

"படிச்சவங்க நேர்ல போய்ப் பாத்து எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. உங்க மட்டிக்காகப் பறவையை இழுக்காதீங்க" என்றார் அதிகாரி.

அவள் உட்காருவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

மே 17, சனி

அம்மாவுக்குச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. பழைய சீட்டுக்காக ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்தார் அவர்.

"ஆபரேஷன் பண்ணி இன்னும் ஒரு வருஷம் ஆகல. அதுக்குள்ள எத்தனை பாட்டில்" என்றார்.

"ஒரு வருஷம் ஆச்சே. மே மாசம்தான?"

"ஆகஸ்டு பதினஞ்சு லீவுக்கு மறுவாரம். நான்தான கூட்டிட்டுப் போனேன்." கோப்பைக் காட்டினார். ஆகஸ்டு 22, வியாழன்.

எனக்குத் தெரியும். இந்த நோட்டில் மே 6-ஆம் தேதி எழுதும்போதும் தெரியும்.

மே 18, ஞாயிறு

கூடுகள் முப்பத்தெட்டு. ஏழில் குஞ்சு பொரித்திருக்கிறது. பஞ்சுருண்டை போல இருக்கிறது, நிழல் பட்டதும் மணலோடு மணலாக அசையாமல் ஒட்டிக்கொள்கிறது.

கோயில் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஜூன் 5 முதல் வேலை.

மே 20, செவ்வாய்

அதிகாரிக்கு ஃபோன் செய்தேன். படங்கள் அனுப்பியிருப்பதாகவும், குஞ்சுகள் பறக்க ஜூலை ஆகிவிடும் என்றும் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"பேப்பர்ல பாத்தேன் மேடம், வாழ்த்துகள். ஆனா நீங்களே அபூர்வம்னு சொல்றீங்க. ஒரு வருஷம் தவறி வந்ததுக்காக வேலைய நிறுத்த முடியாதுல்ல. வருஷா வருஷம் வரும்னு ஏதாவது பதிவு இருக்கா?"

"ஊர்ல மட்டி எடுக்கறவங்க சொல்றாங்க சார்."

"அவங்க சொல்லுவாங்க மேடம். உங்க ரெக்கார்டு வேற மாதிரில்ல இருக்கு."

இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் மெதுவாகச் சொன்னேன். போன வருடம் நான் போகவில்லை என்று. அவர் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"யாருக்காவது தெரியுமா?"

"இல்ல."

"அப்ப விடு. இப்பப் போய்ச் சொன்னா பதினோரு வருஷமும் பொய்ம்பான். ஒரு மனு போட்டுப் பாரு."

அதுவும் சரிதான் என்று தோன்றியது. வியாழக்கிழமை மனு எழுதலாம்.

மே 22, வியாழன்

மனு எழுத உட்கார்ந்தபோது மிக்கேலம்மாளின் மருமகள் ஃபோன் செய்தாள். "டீச்சர், மண்ணு தள்ளுற வண்டி வந்துட்டு. ஓடி வாங்க."

பாதையை மட்டும் இப்போதே சமன் செய்கிறார்களாம். பேருந்தில் போய் இறங்குவதற்குள் திட்டின் வடமுனை முடிந்திருந்தது. ஓட்டுநர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை, அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மணலுதானம்மா, ஒண்ணுமே இல்லியே" என்றார்.

வண்டித் தடத்தில் மட்டி ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. மிச்சம் நின்ற ஓடுகளை எண்ணினேன். இருபத்தொன்பது.

ஆலாக்கள் தடத்தின் மேலேயே வந்து வந்து உட்கார்ந்தன. கூடு இருந்த இடம் அவற்றுக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

மிக்கேலம்மாள் தடத்தின் ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

மே 23, வெள்ளி

ஒன்பது.

மே 24, சனி

எழுதிவிடுகிறேன்.

போன வருடம் மே 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. அணைத்தேன். ஏசியைக் கூட்டிவிட்டுத் தூங்கினேன். அவ்வளவுதான். வெயில், முழங்கால் வலி, அம்மா, எதுவும் இல்லை. ஒன்பது மணிக்கு எழுந்ததும் படிவத்தைத் திறந்தேன். 'போகவில்லை' என்று ஒரு கட்டம் அதில் இருக்கிறது. அதைத் தொட்டால் பத்து வருடம் விடாமல் போனது அறுந்துவிடும். கேடயம் பற்றி அப்போதே பேச்சு இருந்தது. அதனால் 'போனேன்' என்பதைத் தொட்டு, நேரம் 6.10 என்று போட்டேன். வானம் தெளிவு என்றும் போட்டேன்.

இல்லாத பறவையை இருந்ததாக எழுத மனம் வரவில்லை. அது பொய் அல்லவா. அதனால் பூஜ்யம் போட்டேன். அன்றைக்கு எனக்கு அது நேர்மையாகவே பட்டது. அடுத்த மூன்று ஞாயிறும் அலாரமே வைக்கவில்லை.

இந்த வருடப் பறவைகள் அபூர்வமே இல்லை. நான் தூங்கியதால் அபூர்வமாகிவிட்டன.

தியோடர் சாருக்கும் அதிகாரிக்கும் ஒரே கடிதம் எழுதினேன். 'சென்ற ஆண்டு மே 5, 12, 19, 26 ஆகிய நாட்களில் நான் சங்குமுனைக்குப் போகவில்லை. என் பதிவுகள் பொய். அந்நாட்களில் திட்டில் இருந்தவர் மிக்கேலம்மாள். அவர் கணக்கு நாற்பத்திரண்டு கூடுகள். அவரைக் கேட்கவும்.' பகல் பன்னிரண்டு மணிக்கு அனுப்பினேன். பிறகு கீரை ஆய்ந்தேன்.

மே 25, ஞாயிறு

எண்ணப் போகவில்லை, மிக்கேலம்மாளைப் பார்க்கப் போனேன். வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் மட்டியை அவித்துச் சதையை எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும் டீச்சர்."

"எப்படிக்கா?"

"நா தெனமும் அங்கனதான கெடக்கேன். ஒங்க சப்பாத்துத் தடம் எனக்குத் தெரியாதா? அந்த மாசம் பூரா ஒத்தத் தடம் இல்ல. ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு மருமவகிட்டக் கேக்கச் சொன்னேன். அவ, டீச்சர் கடைத்தெருவுல நல்லாத்தான் நிக்காவன்னா."

"அப்போ கூட்டத்துல ஏன்க்கா சொல்லல? டீச்சர் வரவே இல்லன்னு ஒரு வார்த்தை?"

"நீங்க அங்கனதான இருந்தீங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவித்த மட்டியின் ஆவி முகத்தில் அடித்தது. மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"எழுதி அனுப்பிட்டேன்க்கா. அதிகாரிக்கு, தியோடர் சாருக்கு."

"அவுங்களா என்னயப் பாத்துச் சிரிச்சாக?" முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "மூணு மாசமா நா தெருவுல போனா கோழி கூவுதானுவ டீச்சர். பொடிசு மொதக்கொண்டு. காயிதத்துல எழுதுனா அவனுவளுக்குக் கேக்குமா?"

என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"வார ஞாயிறு பூச முடிஞ்சதும் கோயில் முன்னால கமிட்டி சேதி சொல்லுவான். ஊரே நிக்கும். அங்க வந்து சொல்லுங்க."

கடுங்காப்பி கொடுக்கவில்லை. வேண்டுமா என்று கேட்கவும் இல்லை.

மே 27, செவ்வாய்

தியோடர் சாரின் பதில். நான்கு வரி. என்னுடைய நான்கு பூஜ்யங்கள் மட்டுமல்ல, பதினோரு வருடப் பதிவுகள் முழுவதும் நீக்கப்படுகின்றன. எது உண்மை என்று பிரிக்க வழியில்லை. அறுநூறு பட்டியல்கள் இருக்கும். 'வருத்தத்துடன்' என்று முடித்திருக்கிறார். வழக்கமாக 'அன்புடன்' என்று போடுவார்.

இந்த மாதத்து மூன்று நண்டுண்ணிகளும் அதில் போயின. அவை உண்மையாகவே நின்றன. நான் பார்த்தேன். அதை இனி யாரிடமும் சொல்ல முடியாது.

"சொன்னேன்ல?" என்றார் வீட்டுக்காரர். கேடயத்தை அட்டைப் பெட்டியில் வைத்துத் தூத்துக்குடிக்குக் கூரியர் செய்துவிட்டு வந்தார்.

ஜூன் 1, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். ராயப்பன் படியில் நின்று மாதா சிலைக்குக் கெபி கட்டும் வேலை, குடிதண்ணீர் லாரி என்று ஒவ்வொன்றாக வாசித்தார். முடிந்ததும், "டீச்சர் என்னமோ சொல்லணுமாம்" என்று ஒதுங்கினார். பத்திரிகையில் வந்ததைப் பற்றி என்று நினைத்திருப்பார், சிரித்த முகமாக இருந்தார்.

வகுப்பில் இருபத்திரண்டு வருடமாகப் பேசுகிறேன். அங்கே படியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை.

"போன வருஷம் மே மாசம் நான் திட்டுக்கு வரல. வீட்டுல தூங்கிட்டு, வந்தேன்னும் பறவை இல்லன்னும் எழுதினேன். அத வச்சுத்தான் அறிக்கை எழுதினாங்க. மிக்கேலம்மாள் அக்கா சொன்னது நிஜம். பொய் சொன்னது நான். கூட்டத்துல அவங்களப் பாத்து எல்லாரும் சிரிச்சப்போ நானும் அங்க இருந்தேன், வாயத் திறக்கல."

என்னிடம் பிளஸ் டூ படித்த பெண்கள் நாலைந்து பேர் கூட்டத்தில் நின்றார்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஏ ராயப்பா, கோழியப் பிடிச்சிக் கட்டிட்டியாடே?" என்றார். சிரிப்பு எழும்பியது. இந்தமுறை ராயப்பனைப் பார்த்து. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மிக்கேலம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெண்களோடு நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்தபோது என்னைக் கடந்து போகையில், "பத்தே காலுக்குக் கடலு வத்தும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சொன்னாளா, பக்கத்தில் வந்தவளுக்குச் சொன்னாளா, தெரியவில்லை. நான் போகவில்லை. போயிருக்கலாம்.

ஜூன் 4, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு மாறுகிறது.

வேலையை ஆகஸ்டு வரை நிறுத்திவைத்து மறு ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்து மிக்கேலம்மாளோடு திட்டைச் சுற்றினார்களாம். அவள் ஓடு நட்ட இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டார்களாம். தளம் வராது என்று யாரும் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

6.30 முதல் 8.00 வரை. கடல் ஏறிக்கொண்டிருந்தது. மேகமூட்டம், பலத்த காற்று. நண்டுண்ணி இரண்டு. மூன்றாவது எங்கே என்று தெரியவில்லை. மட்டி ஓடுகள் இருபத்தொன்பது. பறக்கப் பழகும் ஆலாக் குஞ்சுகள் பதினொன்று வரை எண்ணினேன்.

பதிவேற்ற இடமில்லை. இந்த நோட்டில் எழுதுகிறேன்.

வடமுனையில் வண்டித் தடத்தைக் காற்று மூடிவிட்டது. ஒன்பது ஓடுகள் புதிதாக அங்கே நட்டிருந்தன. பக்கத்தில் கூடு எதுவும் இல்லை. மிக்கேலம்மாள் ஓடுகளை மட்டும் நட்டிருக்கிறாள். சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

போகவில்லை. தூங்கிவிட்டேன்.